சுண்டிக்குளக் கரைக்கு ஒரு யாத்திரை

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சென்ற தை மாதத்திலே நம் சங்கத்து இளைஞரும் பெரியோருமாக 23 பேர், வடமராட்சி கிழக்கின் கடைக்கோடியிலுள்ள சுண்டிக்குளத்துக்குச் சென்று வந்தோம். அங்கே கண்டவற்றை இவ்வவையிலே எடுத்துக் கூறுமாறு செயற்குழுவினர் பணித்திருக்கின்றனர். பயணம் போய் வந்தவர்கள் காட்சிகளை வருணித்துவிட்டு அமர்வதே வழக்கம். நாமும் அப்படிச் செய்து முடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கரையிலிருந்து ஒரு கேள்வியையும் நாம் கூடவே கொண்டு வந்துவிட்டோம். அது நம் மண்டபத்தின் முற்றத்திலே, ஒரு மணற் குவியலின் உருவிலே, இன்றும் கிடக்கின்றது. அதனைப் பற்றி இறுதியிற் சொல்வோம். முதலிற் பயணத்தைக் கேளுங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் படத்தை விரித்துப் பார்ப்பவர்கள், பருத்தித்துறை முனையிலிருந்து தென்கிழக்கு நோக்கி மெல்லிய கையொன்று நீண்டு சென்று பெருநிலத்தைத் தொடுவதைக் காண்பார்கள். அக்கையின் ஒருபுறம் வங்காள விரிகுடா. மறுபுறம் வடமராட்சி நீரேரி. அது முடிந்தபின் ஆனையிறவு நீரேரி. இரண்டு நீருக்கும் இடையிலே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலந்தான் வடமராட்சி கிழக்கு. பருத்தித்துறையிலிருந்து சுண்டிக்குளம் வரை ஏறக்குறைய 30 மைல். குடாநாட்டிலே பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் அவ்வழியாகக் கடைசி வரை சென்றிருக்கின்றோம்? பயணத்துக்குப் பெயர் கொடுத்த 23 பேரில் முன்னர் சுண்டிக்குளத்தைக் கண்டவர்கள் இருவரே. கொழும்பையும் கண்டியையும் அறிந்த நாம், இலண்டனையும் ரொறன்ரோவையும் கூட அறிந்த நாம், நம் வீட்டுக் கொல்லையை அறியாதிருந்தோம்.

விடியுமுன் இரண்டு வான்களிற் புறப்பட்டோம். எந்த யாத்திரையையும் இறைவன் சந்நிதியிலே தொடங்குதல் நம் மரபாதலின், முதலில் வல்லிபுரத்தாழ்வாரை வணங்கினோம். அத்திருத்தலம் மணலின் நடுவே அமைந்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். புரட்டாதித் திருவிழாவிலே கடல் தீர்த்தத்துக்குச் செல்லும் அடியார்கள் அம்மணலை மிதித்தே செல்கின்றார்கள். இவ்வூரிலே 1936 ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட பொன்னேடு, ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் அரசாண்ட வசப மன்னன் காலத்தது என்பர் ஆராய்ச்சியாளர். ஆகவே, இந்தக் கரை மனிதர் கால்படாத காடு அன்று. பொன்னில் எழுதிப் புதைக்கும் அளவுக்கு நாகரிகம் இங்கே அன்றே குடியிருந்தது.

வழிபாடு முடிந்து வெளிவீதியிலே சற்று இருந்தோம். எழுந்தபோது, எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் இளைஞரைப் பார்த்து, "தம்பிமார், எழும்பேக்கை வேட்டியிலை ஒட்டின மண்ணைத் தட்டிப்போட்டு வாங்கோ. கோயில் மண் வீட்டை வரப்படாது" என்றார். சிவன் சொத்துக் குலநாசம் என்ற பழமொழியைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எனவே எல்லோரும் தட்டினோம். ஓர் இளைஞர் சிரித்துக்கொண்டே தட்டினார். அச்சிரிப்பு அன்று மாலையிலே அவரிடம் இல்லை. ஏன் என்பது பின்னால் விளங்கும்.

வல்லிபுரத்துக்குத் தெற்கே மணற்காடு. பெயருக்கேற்ற ஊர். வாடையும் கொண்டலும் பல நூற்றாண்டுகளாகக் கடலிலிருந்து ஒதுங்கிய மணலை அள்ளி அள்ளிக் குவித்து வைத்த கும்பிகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. சவுக்கந்தோப்புக்கு அப்பால், பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் மணலிற் புதைந்து கிடக்கக் கண்டோம். மனிதன் கட்டிய வழிபாட்டிடத்தையே மணல் மெல்ல மெல்ல மூடிவிட்டது. அக்காட்சியின் முன் சமய வேறுபாடு எவருக்கும் தோன்றவில்லை. காற்றின் இரைச்சலைத் தவிர வேறு ஒலி இல்லாத அவ்விடத்தில் சிறிது நேரம் பேசாது நின்றோம்.

கும்பியின் மேலேறிப் பார்த்தபோது, அதனைப் பிடித்து வைத்திருப்பவை யாவை என்று கண்டோம். முன்வரிசையிலே அடம்பன் கொடி, ஊதா நிறப் பூக்களோடு மணலின்மேல் வலை விரித்தாற்போற் படர்ந்திருக்கின்றது. அதன் பின்னே இராவணன் மீசை என்னும் முட்புல். ஓரிடத்தில் மணலைத் தோண்டிப் பார்த்தோம். ஒரு கொடியின் வேர் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றதென்று அறியமுடியவில்லை. ஓடும் மணலை நிறுத்தி வைப்பவை இந்த எளிய பூண்டுகளே. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் முன்னோர் வாளா சொல்லி வைக்கவில்லை. சங்கக் கூட்டங்களிலே ஒற்றுமைக்கு உவமையாக எத்தனையோ முறை நாம் எடுத்தாண்ட பழமொழி அது. உவமைப் பொருளை நேரிற் கண்டது அன்றைக்குத்தான்.

மணற்கும்பி வெறும் மேடு அன்று. அது ஒரு தண்ணீர்த் தொட்டியுமாகும். நம் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. ஆண்டிலே பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி முடியப் பெய்துவிடுகின்றது. அந்த மழையை உறிஞ்சி வைத்திருப்பது நிலமே. கடற்கரை நிலத்திலே, மழைநீர் கனத்த உப்புநீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை உவர்நீரை அது அழுத்தி வைத்திருக்கும் என்பது நீரியலார் கணக்கு. கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே 1 அடி நன்னீர் குறைந்தால், கீழே உவர்நீர் 40 அடி ஏறி வரும். மேட்டை வெட்டிப் பள்ளமாக்குவோர் மணலை மாத்திரம் எடுத்துச் செல்வதில்லை. ஊரின் கிணற்றையும் கூடவே எடுத்துச் செல்கின்றனர். கடலிலிருந்து கூப்பிடு தூரத்திலே, மணலிலே தோண்டிய சிறு கிணறொன்றில் அன்று நாங்கள் அள்ளிக் குடித்த நீர், எங்கள் வீட்டுக் கிணற்று நீரிலும் இனிதாக இருந்தது.

அங்கிருந்து குடத்தனை, அம்பன் ஊர்களைக் கடந்து சென்றோம். வீதியின் அருகே சில இடங்களிற் பெரும் பள்ளங்கள் தென்பட்டன. சிலவற்றிலே மழைநீர் தேங்கிக் கிடந்தது. மணல் ஏற்றிய டிப்பர் வண்டிகள் எதிரே வந்து எங்களைக் கடந்து சென்றன. இப்பகுதிகளிலே மணல் அகழ்வதைப் பற்றி ஊர்மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றார்கள். செய்தித்தாள்களில் அதனை நாமும் வாசித்துப் பக்கத்தைப் புரட்டியவர்களே. வாசிப்பது வேறு, பள்ளத்தின் விளிம்பிலே நிற்பது வேறு.

நாகர்கோவிலிலே நாகதம்பிரானை வணங்கினோம். கப்பல் திருவிழாவாற் பெயர்பெற்ற கோயில் அது. அவ்வூர்ப் பாடசாலையின் முன் நாங்கள் தரித்து நின்றதற்கு வேறொரு காரணம் உண்டு. 1995 ஆம் ஆண்டு செப்டெம்பர் 22 ஆம் நாள், விமானக் குண்டுவீச்சிலே அங்கு கல்வி கற்ற பிள்ளைகள் பலர் மாண்டனர். எங்களோடு வந்த இளைஞர் பெரும்பாலோர் அப்போது பிறக்கவே இல்லை. பிறந்திருந்த நாங்கள் அவர்களுக்கு விளக்கிச் சொல்ல முயன்றோம். சொல் வரவில்லை. தலை குனிந்து நின்று புறப்பட்டோம்.

செம்பியன்பற்றைத் தாண்டித் தாளையடிக்கு வந்தால், கடலருகே ஒரு பெரிய ஆலை தோன்றுகின்றது. கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அது. 2024 ஆம் ஆண்டிலே திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் தரக்கூடியவாறு அமைக்கப்பட்டது. குடாநாட்டின் பல பகுதிகளுக்கும் குழாய் வழியாக நீர் வழங்குவதற்கே அது கட்டப்பட்டது. இங்கே இளைஞரொருவர் ஒரு கேள்வி கேட்டார். "மணலும் இங்கேயிருந்து வருகுது, மீனும் இங்கேயிருந்து வருகுது, இப்ப தண்ணியும் இங்கேயிருந்து வருகுது. நாங்கள் இஞ்சாலை என்னத்தை அனுப்பியிருக்கிறம்?" என்றார். வான் சிறிது தூரம் ஓடும்வரை எவரும் மறுமொழி கூறவில்லை.

மருதங்கேணிக்கு அப்பால் உடுத்துறை. 2004 ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை, சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் எழுந்த பேரதிர்ச்சி ஆழிப்பேரலையாகி இந்தக் கரை முழுவதையும் விழுங்கியது. உடுத்துறை நினைவாலயத்திலே வரிசை வரிசையாக அமைந்திருக்கும் நினைவுக் கற்களின் இடையே நடந்தோம். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருவதைக் கண்டோம். எங்கள் கூட்டத்துப் பெண்பிள்ளையொருத்தி தான் கொண்டுவந்த பூக்களை எந்தக் கல்லில் வைப்பதென்று தெரியாது திகைத்து, முடிவிலே வழியில் வைத்துவிட்டு வந்தாள்.

ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னிட, வீடுகள் அருகிப் பனையும் தாழையும் பற்றைக்காடும் மிகுந்தன. பிற்பகலிலே சுண்டிக்குளத்தை அடைந்தோம். தெரு அங்கே தெருவென்று சொல்லும் நிலையில் இல்லை. கடற்பக்கம் கரைவலைக்காரரின் வாடிகள் சில. இழுத்து வைத்த வள்ளங்கள். நிலப்பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நீரேரி. அதன் விளிம்பிலே கண்டற் செடிகளும், வெயிலில் வெண்மையாகக் காய்ந்த உவர்த்தரையும். நெய்தல் என்று நூலிலே படித்த திணையை, வருணனுக்குரியது என்று தொல்காப்பியம் வகுத்த அந்நிலத்தை, மண்ணிலே எழுதி வைத்தாற்போல இருந்தது.

நீரேரியின் நடுவே இளஞ்சிவப்பு நிறத்திலே ஒரு கோடு தெரிந்தது. தூரக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவர், "கோடு அசைகிறது" என்றார். பூநாரைகள்! நூற்றுக்கணக்கிலே ஒற்றைக்காலிலும் இரட்டைக்காலிலும் நின்றன. பூநாரை உண்ணும் விதமே தனி. நீண்ட கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் அமிழ்த்தி, நாவினால் நீரை உறிஞ்சி வெளித்தள்ளி, அலகின் ஓரத்துச் சல்லடையிலே சிக்கும் நுண்ணுயிர்களை உண்ணுகின்றது. அந்நிறமும் அதன் சொந்த நிறம் அன்று. உண்ணும் பாசியும் சிற்றிறாலும் கொடுக்கும் நிறம். சேற்றிலே தலையை வைத்து அழகைப் பெறும் பறவை அது என்று வந்திருந்த ஆசிரியர் ஒருவர் கூறினார். கூழைக்கடாக்களும் கரண்டிவாயன்களும் அரிவாள்மூக்கன்களும் ஆலாக்களும் அங்கே இருந்தன. வாடைக்காலத்திலே வட ஆசியாவின் குளிருக்குத் தப்பிப் பல்லாயிரம் மைல் பறந்து வரும் உள்ளான்களும் வாத்துக்களும் சேற்றிலே மேய்ந்தன. இலங்கைக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரையில் பெருநிலம் இல்லையாதலின், அவ்வழிவரும் பறவைகளுக்கு நம் நாடே கடைசி மடம். வந்த விருந்தைப் பேணுதல் நம் சமயம் கற்பித்த அறம் அல்லவா?

மாலையானதும் பற்றைக்குள்ளிருந்து நரியொன்று வெளிவந்து எங்களைப் பார்த்துவிட்டுத் தன் வழியே போயிற்று. நீரேரியில் முதலை உண்டென்றும், காட்டுப்பக்கத்திலே மானும் பன்றியும் சிறுத்தையும் உலவுகின்றன என்றும் கூறி, இருட்டுமுன் கரைக்குத் திரும்புமாறு ஊரவர் எச்சரித்தனர். 1938 ஆம் ஆண்டிலேயே இவ்விடம் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. 2015 ஆம் ஆண்டில் 19,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்போடு தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. சரணாலயமாகிய இவ்விடம் இடையிலே போர்க்களமும் ஆயிற்று. ஆனையிறவைச் சுற்றி நடந்த சமர்களிலும், பின்னர் 2009 ஆம் ஆண்டிலும் இங்குள்ள மக்கள் மீண்டும் மீண்டும் பெயர்ந்தார்கள். திரும்பி வந்தவர்களுக்கு இப்போது புதியதொரு கவலை. பரம்பரையாக வாடி போட்ட இடமும் மாடு மேய்த்த தரவையும் பூங்காவின் எல்லைக்குள் அடங்கிவிடுமோ என்பதே அது. பறவையைக் காக்கவேண்டும் என்று சொல்லும் நாம், பறவையோடு அங்கே வாழும் மனிதனை மறந்து பேசினால் அது அரைகுறையான அறமாகும்.

அன்றிரவு வாடியொன்றின் முன்னே மணலில் அமர்ந்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் அருந்தினோம். கரைவலை இழுத்துக் காய்த்த கைகளையுடைய முதியவர் ஒருவர் எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். ஆழிப்பேரலையிலே உறவினர் பலரை இழந்தவர். எங்கள் இளைஞர்கள் மணற்கும்பிகளின் அழகைப் புகழ்ந்து பேசியபோது அவர் சொன்ன வார்த்தை இது: "தம்பியவை, உங்களுக்கு அது பார்க்க வடிவு. எங்களுக்கு அது மதில். மதில் இருந்த பக்கம் தண்ணி நிண்டு வந்தது. இல்லாத பக்கம் நிக்கேல்லை."

இதனை ஒரு முதியவரின் எண்ணம் என்று தள்ளிவிடலாகாது. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரையைச் சுற்றிப் பார்த்த ஆராய்ச்சியாளரும் இதனையே கண்டனர். தெற்கே யாலப் பகுதியிலே உயர்ந்த மணல்மேடு அழியாது நின்ற இடங்களிலே சேதம் குறைந்திருந்தது. கடலைப் பார்ப்பதற்காக மேட்டை அகற்றிய இடத்திலே அலை உட்புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. கல்லாத முதியவரின் சொல்லும் கற்றவரின் ஆய்வும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது நாம் செவிகொடுத்தே ஆகவேண்டும்.

இன்னொன்றையும் அவரிடம் கேட்டோம். பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1954 ஆம் ஆண்டிலே வெளியிட்ட, யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டத்தைப் பெரியோர்கள் அறிவீர்கள். கனகராயன் ஆறு முதலியவை ஆனையிறவு நீரேரிக்குக் கொண்டுவரும் மழைவெள்ளம் சுண்டிக்குளத்து வாயினூடாகக் கடலில் வீணே கலக்கின்றது. அவ்வாயை அணையிட்டு மறித்து, நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டு சென்றால் குடாநாட்டுக் கிணறுகள் இனிக்கும் என்பதே அவர் கண்ட கனவு. வேலைகளுட் சில நடைபெற்றன. திட்டம் முழுமை பெறவில்லை. அது நிறைவேறினால் நல்லதுதானே என்று கேட்டோம். முதியவர் உடனே விடை சொல்லவில்லை. "கமக்காரனுக்கு நல்லது. இந்தப் பக்கத்து இறாலுக்கு என்ன செய்யிறது? அதையும் யோசிச்சுச் செய்தால் சரி" என்றார். உவர்நீர்ச் சேற்றிலே மேயும் பூநாரையின் நினைவு எங்களுக்கு வந்தது. ஒருவருக்கு வாழ்வாகும் நீர் இன்னொருவரின் தொழிலுக்கு முடிவாகலாம். இவ்வழக்கிலே தீர்ப்புச் சொல்லும் அறிவு எங்களுக்கு இல்லை. ஆனால் இக்கரையிலே எதைத் தொட்டாலும் அது மற்றொன்றைத் தொடும் என்பது அன்றிரவு விளங்கிற்று.

இனி, முற்றத்து மணலுக்கு வருவோம்.

மறுநாட் காலை புறப்படும்போது, முதல்நாள் கோயில் வீதியிலே சிரித்த அந்த இளைஞர் வாடி வாசலில் நின்று தம் செருப்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டியவர் நிமிர்ந்து, "எங்கடை மண்டபத்துக்கு இறக்கின மணல் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டார். சென்ற கார்த்திகையிலே நம் புதிய மண்டப வேலைக்காக மூன்று லோட் மணல் இறக்கப்பட்டது. எங்கிருந்து வந்ததென்று நம்மில் எவரும் கேட்கவில்லை. விலை என்னவென்று மாத்திரமே கேட்டோம். ஊர் திரும்பியதும் பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தோம். அதிலே தொகை இருந்தது, இடம் இல்லை. அனுமதிப் பத்திரத்தின் பிரதி இல்லை. குற்றத்தை விற்றவர்மேற் சுமத்துவது எளிது. வாங்கியவர்கள் நாம். கேளாதவர்களும் நாம்.

கட்டடக் குழு இதற்காக இரண்டு முறை கூடியது. அங்கே கூறப்பட்ட மறுப்புகளை மறைப்பது முறையன்று. "நாம் வாங்காவிட்டால் வேறொருவன் வாங்குவான், மேடு தப்பப்போவதில்லை" என்றார் ஒருவர். "போரிலே வீடிழந்தவர்கள் வீடு கட்ட வேண்டாமா? மணல் இல்லாமல் எப்படிக் கட்டுவது?" என்றார் இன்னொருவர். "டிப்பர் ஓட்டுகிற பெடியன்களும் ஏழைவீட்டுப் பிள்ளைகள்தானே?" என்றார் மூன்றாமவர். மூன்றும் நியாயமான சொற்களே. வீடு கட்டத்தான் வேண்டும், மணலும் வேண்டும். எடுத்தால் மீண்டும் சேரக்கூடிய இடம் எது, எடுத்தால் ஊரே திறந்துபோகும் இடம் எது என்று ஆராய்ந்து, அளவறிந்து, அனுமதியோடு எடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. இரவோடிரவாகக் கும்பியின் அடியிலே வெட்டி எடுப்பதுதான் கேடு. அப்படி எடுக்கப்படுவதற்குக் காரணம், எங்கிருந்து என்று கேளாமல் வாங்கும் நம்மைப் போன்றவர்கள் இருப்பதே. பிறர் வாங்குவாரென்பதற்காக நாம் வாங்கலாம் என்றால், சங்கம் எதற்கு? திரளாக நின்று ஒருவர் செய்யமுடியாததைச் செய்யத்தானே கூடினோம்?

ஆகவே இப்பொதுக்கூட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, இனி நம் மண்டபத்துக்கு வாங்கும் ஒவ்வொரு லோட் மணலுக்கும், அகழ்ந்த இடத்தைக் காட்டும் அனுமதிப் பத்திரமும் ஏற்றிவரும் அனுமதியும் காட்டப்படல் வேண்டும். காட்டாதவரிடம் வாங்குவதில்லை. பொறியியலாளர் இசையும் வேலைகளுக்குக் கருங்கல்லை அரைத்துப் பெறும் மணலை உபயோகிக்கலாம். செலவு கூடும் என்பது உண்மை. கூரை வேலை ஓராண்டு தள்ளிப் போகலாம் என்று கட்டடக் குழுவினர் கணக்கிட்டிருக்கின்றனர். தள்ளிப் போகட்டும். இன்னும் ஓராண்டு பழைய கொட்டகையிலே கூடுவோம். இன்னொரு ஊரின் மதிலை உடைத்து நம் மண்டபத்துக்குச் சுவர் வைத்தால், அதனுள்ளே எந்த அறத்தைப் பற்றிச் சொற்பொழிவு நிகழ்த்துவது?

இரண்டாவது, ஆண்டுதோறும் தை மாதத்திலே நம் இளைஞர்கள் அக்கரைக்குச் செல்லல் வேண்டும். உல்லாசப் பயணமாக அன்று. போத்தலும் பொலித்தீனும் விட்டுவருவதற்கும் அன்று. ஊரவர் எந்த இடத்திலே என்ன நட வேண்டுமென்று காட்டுகின்றார்களோ அதனை நட்டு, நட்டது நிற்கின்றதா என்று மறு ஆண்டிலே பார்த்துவருவதற்கு. நட்டுவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு வருவது எளிது; மறுபடி போய்ப் பார்ப்பதே அரிது.

மூன்றாவது, அவ்வூர்ப் பிள்ளைகளை நம் கலைவிழாவுக்கும் பேச்சுப் போட்டிக்கும் அழைத்து, போக்குவரவுச் செலவைச் சங்கம் ஏற்றல் வேண்டும். இஞ்சாலையிருந்து என்னத்தை அனுப்பியிருக்கிறம் என்று வானிலே கேட்கப்பட்ட கேள்விக்கு ஒரு சிறு மறுமொழியாவது நம்மிடம் இருக்கட்டும்.

பெரியோர்களே! முற்றத்திலே கிடக்கும் மூன்று லோட் மணலை இனி என்ன செய்வது என்று கேட்பீர்கள். திரும்பக் கொண்டுபோய்க் கும்பியிலே கொட்டினாற் போன மேடு வந்துவிடாது. அதனைக் கட்டடத்திலே உபயோகிப்பதா, அதன் பெறுமதியை அவ்வூர்ப் பாடசாலை ஒன்றுக்குக் கொடுப்பதா, வேறெதாவது செய்வதா என்பது உங்கள் தீர்மானம். நாங்கள் ஒன்றைமட்டுமே கேட்கின்றோம். தீர்மானிக்குமுன் ஒவ்வொருவரும் அக்குவியலின் அருகே சென்று ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள்.

கோயில் வீதியிலிருந்து எழும்போது வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வரும் மக்கள் நாம். இறைவனுக்குரியது ஒரு மணியளவும் நம் வீட்டுக்கு வரலாகாது என்று அஞ்சும் மக்கள் நாம். அந்த மண்ணும் சுண்டிக்குளத்து மண்ணும் ஒரே கடல் ஒதுக்கியது. ஒரே காற்று குவித்தது. கோயில் மதிலுக்கு வெளியே இருப்பதனால் மாத்திரம் அது இறைவனுக்குரியது அல்ல என்று எண்ணிவிட்டோமா?